பாதாம் நின்ற இடம்

ரயில் பாலத்துக்கு அடியில் போகும் சப்வேயின் வாசல் வந்ததும் பாதாமின் நான்கு கால்களும் தரையில் நட்டது போல ஆகிவிடும். கயிற்றை இழுத்தால் கழுத்து மட்டும் நீளும். பின்னால் தட்டினால் பக்கவாட்டில் நகரும். இன்னொரு தடவை தட்டினால் வந்த வழியே வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அமிர்தவள்ளி கயிற்றின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் நின்றிருப்பாள். பால்காரர், பேப்பர்காரர், முதல் ஷிப்டுக்குப் போகிற பைக்குகள் எல்லாம் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போகும்.

"இன்னாக்கா, குதிரை உன்ன மேய்க்குதா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

பாதாம் மூன்று வயதுப் பெண்குதிரை. ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் பருப்பின் நிறம். அதைப் பார்த்ததும் ஊர்வல காண்ட்ராக்ட் எடுக்கிற அஹமது பாஷா வைத்த பெயர் அது. அமிர்தவள்ளியின் புருஷன் காசிநாதன் இருபது வருஷம் வாணியம்பாடிக்காரர் ஒருவரின் குதிரைகளைக் கல்யாணங்களுக்கு ஓட்டியவன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிற ஆசை உள்ளுக்குள்ளேயே புகைந்து, போன ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் இதைப் பிடித்துக்கொண்டு வந்தான். லாரியிலிருந்து அது இறங்கிய அன்றைக்கு அமிர்தவள்ளி போட்ட சண்டையில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மூன்று நாள் அவள் அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

ஒரு மாசம் முன்னால் காசிநாதன் பாதாம் மேல் ஏறி உட்கார்ந்து சப்வேக்குள் விட்டான். பாதி தூரம் போனபோது தலைக்கு மேலே ரயில் வந்தது. இரும்புப் பாலம் இடிந்து விழுவது போல ஒரு சத்தம். குதிரை இரண்டு காலில் எழுந்தது. காசிநாதன் சாக்கடைச் சுவரின் விளிம்பில் போய் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. வேலூரில் கம்பி வைத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து கட்டில்தான் அவனுக்கு. பாதாமுக்கு அந்த சப்வே வாசலோடு வழி முடிந்தது.

கட்டிலில் கிடந்தபடியே ஒரு நாள் அவன் சொன்னான்.

"உங்கூட வேல செய்யற ஃபிர்தௌஸோட தம்பிக்கு வர்ற மூணாவது ஞாயித்துக்கிழம கல்யாணம். மாப்பிள்ள ஊர்வலம் சப்வே வழியாத்தான் போவணும். அன்னிக்கி அது தாண்டலன்னா, திங்கக்கிழம வாணியம்பாடி புரோக்கர் வந்து ஏத்திகினு போய்டுவான். பேசிட்டேன்."

"எங்க ஏத்திகினு போவான்?"

"எங்கயோ. செங்கல் சூளையில வண்டி இழுக்க உடுவான். ஊர்வலத்துல நடக்காத குதிரைய வெச்சிகினு நான் பூஜையா பண்ணுவேன்?"

"நான் பழக்கறேன்" என்றாள் அமிர்தவள்ளி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. காசிநாதன் தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கிப் பார்த்தான். வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டவள் இவள்தானா என்று அவனுக்குச் சந்தேகம். அவளுக்கும் அதே சந்தேகம்தான். அந்த மிருகத்தைப் பிடிக்குமா பிடிக்காதா என்று யாராவது கேட்டிருந்தால்கூட அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. அது கொட்டகையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டால்தான் இப்போதெல்லாம் தூக்கம் வருகிறது என்பது மட்டும் தெரியும்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

*

ஷூ கம்பெனியில் அமிர்தவள்ளியும் ஃபிர்தௌஸும் பக்கத்துப் பக்கத்து மிஷின். மேல்தோல் தைக்கிற லைன். அமிர்தவள்ளி மடித்துத் தருவதை ஃபிர்தௌஸ் தைக்க வேண்டும். பதினோரு வருஷமாக இப்படித்தான். ஒருத்தி நிமிராமலே இன்னொருத்தியிடம் பேசுவாள்.

"தம்பி கார்ல வர்றேன்னான் அக்கா. நான்தான் வுடல. எங்க அமிர்தாக்கா குதிரைலதான் வரணும்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி சொன்ன? அது சப்வேகிட்ட நின்னுடுது."

"நின்னா தள்ளு."

"குதிரைய தள்ள முடியுமாடி?"

"எங்க வூட்டுக்காரர நான் தள்ளல?"

ஃபிர்தௌஸ் சிரித்ததில் தையல் கோணிப் போய்விட்டது. சூப்பர்வைசர் ஜெயசீலன் வந்து நின்று, "டார்கெட் கம்மியா இருக்குது, சிரிப்பு ஜாஸ்தியா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கும் சப்வேக்கும் நடுவில் பயமுறுத்துகிற விஷயங்களுக்குப் பஞ்சமில்லை. தோல் பதனிடுகிற ஷாப்பின் நீளமான காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் மர டிரம்கள் இரவும் பகலும் சுற்றும். வயிற்றுக்குள் இடி உருள்கிற சத்தம். கேட்டுக்கு வெளியே டயர் வண்டிகளில் பதப்படுத்திய நீலத் தோல்கள் ஈரம் சொட்டச் சொட்டக் குவிந்திருக்கும். காற்றடித்தால் மேல் தோல் எழுந்து படபடவென்று அடிக்கும். முதல் நாள் பாதாம் அதைப் பார்த்துவிட்டு அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முள்வேலி வரைக்கும் போனது. அவள் ஜெயசீலனிடம் சொல்லி, கம்பெனி கேட்டில் சீட்டு வாங்கி, ரிஜெக்ட் பெட்டியிலிருந்து ஒரு பை நிறையத் தோல் துண்டுகளைக் கொண்டுவந்தாள். கொட்டகை முழுக்கக் கட்டித் தொங்கவிட்டாள். நான்கு நாளில் பாதாம் அவற்றில் ஒன்றைக் கடித்துச் சப்பிக்கொண்டு நின்றது. தோல் பயம் அதோடு தீர்ந்தது.

சப்வேதான் தீரவில்லை. அதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.

"அடி" என்றான் காசிநாதன் கட்டிலிலிருந்து. "பின்னாடி இருக்கறது முன்னாடி இருக்கறத விட பயமா இருக்கணும். அப்பத்தான் போவும்."

"அடிச்சா கெட்டுப் போய்டும்மா. இதப் பத்தி ஒரு வீடியோ வந்துச்சு" என்றாள் மகள் சோபனா. வேலூர் பாகாயத்துக் கல்லூரியில் நர்சிங் படிக்கிறவள். விடுமுறைக்கு வந்திருந்தாள். "தூரத்துல நிறுத்தி பாக்க வுடணும். அதுவா பாத்து, அதுவா தெரிஞ்சுக்கணும். தினம் கொஞ்சம் கிட்டப் போவணும்."

"வீடியோவா! உங்கப்பன் குதிர மேல இருக்கறப்ப நீ பொறக்கவே இல்ல."

"மேலதான் இருந்தியாப்பா? நீ கீழ வுழுந்து கெடந்தன்னுதான் நான் கேள்விப்பட்டேன்."

அஹமது பாஷா வாசலில் நின்றபடி தாடியைத் தடவினார். "ரெண்டும் வேணாம் தங்கச்சி. கண்ணக் கட்டு. தெரிஞ்சாத்தானே பயம்? கட்டி கூட்டினு போய்ட்டா தாண்டினதே அதுக்குத் தெரியாது."

அமிர்தவள்ளி மூன்று பேர் சொன்னதையும் செய்து பார்த்தாள். ஒரு நாள் அடித்தாள். குதிரை நடுங்கியதைப் பார்த்துக் குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். ஒரு நாள் பழைய முந்தானையால் கண்ணைக் கட்டினாள். பாதாம் சமர்த்தாக இருபது அடி வந்து, நின்றுகொண்டிருந்த டயர் வண்டியில் மோதி, நீலத் தோல் மொத்தமும் ரோட்டில் சரிந்தது. வண்டிக்காரர் திட்டியது தனிக் கதை. ஒரு நாள் மகள் சொன்னபடி தூரத்தில் நிறுத்திப் பார்க்கவிட்டாள். பாதாம் சப்வேயைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த டீக்கடையைப் பார்த்தது.

"பேஜாரா இருக்குது பாய்" என்றாள் அவள் மறுநாள். "அது எதுக்குப் பயப்படுதுன்னே எனக்குப் புரியல. இருட்டுக்கா, தண்ணிக்கா, சுவத்துக்கா?"

பாஷா ரயில் பாலத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"ரயிலுக்குத்தான் தங்கச்சி. வேற எதுக்கு? காசியத் தூக்கிப் போட்டதே ரயில் சத்தம்தானே. எதுக்கு பயப்படுதோ அதையே காட்டு. கரெக்டா ரயில் வர்ற நேரத்துல கூட்டினு போ. தினம் அதே நேரம், அதே ரயில். பழகிடும்."

இது நியாயமாகப் பட்டது. அவளுக்கு வேறு நேரமும் கிடையாது. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் களி கிண்டி, கீரை கடைந்து, காசிநாதனுக்கு வெந்நீர் வைத்துவிட்டுப் போக வேண்டும். காலையில் ஐந்தே முக்காலிலிருந்து ஆறுக்குள் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வரும். அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் நூறு அடி தள்ளி இருந்த கரண்டு கம்பத்தடியில் நிறுத்தினாள். ரயில் வந்தது. பாதாம் குதித்தது. கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. ரயில் போய் சத்தம் அடங்கியதும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை எடுத்து நீட்டினாள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சோபனா சின்ன வயசில் கசப்பு மருந்து குடித்தால் கையில் வெல்லம் வைத்துப் பழகிய கை.

இரண்டாம் நாள் பத்து அடி முன்னால். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் முன்னேறும், மறுநாள் பின்னேறும். மழை பெய்து தோல் ஷாப்புத் தண்ணீர் சப்வே வாசலில் நுரை கட்டி நின்ற அன்றைக்கு எல்லாம் போச்சு என்றே நினைத்தாள். ஒன்பதாம் நாள் சப்வே வாசலிலேயே நின்று ரயிலைக் கேட்டது. காதுகள் மட்டும் பின்னால் படுத்து எழுந்தன. ரயில் போனது. வெல்லத்தைத் தின்றது. அவள் கயிற்றைத் தளர்த்தி, முதுகைக் காட்டி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். பின்னால் லாடச் சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நிற்கும் என்று பயந்து, மூச்சைக்கூட விடாமல், அந்தப் பக்க வெளிச்சம் வரைக்கும் நடந்தாள்.

அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டாள். ஷேர் ஆட்டோவில் போய் ஜெயசீலனிடம் பேச்சு வாங்கினாள். வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். வாசலில் நிற்கும். ரயில் போகும். வெல்லம். நடக்கும். திரும்பி வரும்போது சப்வேயில் ஷிப்டு வண்டிகள் நெருக்குமென்று மேலே ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக் கூட்டி வருவாள். வெள்ளிக்கிழமை பாஷா தன் பேண்டு செட்டைத் தெருவிலேயே வாசிக்கவைத்து, காலடியில் சரவெடி கொளுத்திப் பரீட்சை பார்த்தார். பாதாம் வைக்கோலை மென்றுகொண்டே அவரைப் பார்த்தது.

"ஒன்னுமே இல்லியே!" என்றார் பாஷா.

காசிநாதன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். புரோக்கருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, நடுவில் ஆண்கள், குதிரை மேல் மாப்பிள்ளை தௌசீப் அகமது. முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கியது. கயிற்றைக் காசிநாதனின் பழைய தோழன் ஆரோக்கியசாமி பிடித்துக்கொண்டான். காசிநாதன் கட்டுப் போட்ட காலை நீட்டி ஆட்டோவில் பின்னால் வந்தான். பெண்கள் எல்லோரும் கடைசியில் வேனில். அமிர்தவள்ளியும் சோபனாவும் அங்கேதான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெண்கள் முன்னால் போகிற வழக்கம் இல்லை. பாதாமை இன்னொருவர் கையில் கொடுத்தது அவளுக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் அதை யாரிடம் சொல்ல?

வேன் நின்றது. கொஞ்ச நேரம் கழித்தும் நகரவில்லை. பேண்டுச் சத்தம் கூடியது. வெடிச் சத்தம் கூடியது. வேன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னாவாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"குதிரை நின்னுடுச்சாம். சப்வேகிட்ட."

அமிர்தவள்ளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். முன்னாலிருந்து காசிநாதனின் குரல் கேட்டது. "அடிடா! பின்னாடி ஒண்ணு வெய்யி!" ஃபிர்தௌஸ் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"இறங்குக்கா."

"ஆம்பளைங்க கூட்டம்டி. எப்டி போறது?"

"குதிரைக்குத் தெரியுமா ஆம்பள பொம்பள? போக்கா, மக்ரிப் தொழுகைக்குள்ள மண்டபத்துக்குப் போவணும். ரயில்வே கேட் ரோட்டையும் நேத்து சாக்கடைக்குத் தோண்டிப் போட்டுட்டானுங்க. வேற வழியே இல்ல."

அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தருக்கும் வியர்வைக்கும் நடுவில், "வழி வுடுங்க, கொஞ்சம் வழி வுடுங்க" என்று போனாள். ஆண்கள் திகைத்து விலகினார்கள். ஆரோக்கியசாமி கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"பயந்துடுச்சு தங்கச்சி" என்றார் பாஷா. அவர் முகம் வெளுத்திருந்தது. "வெடிய ஜாஸ்தி வெச்சுட்டானுங்க."

அவள் பாதாமைப் பார்த்தாள். பயந்த குதிரையை இந்தப் பதினெட்டு நாளாக அவளுக்கு நன்றாகத் தெரியும். பயந்தால் மூக்கு விரியும், கண்ணில் வெள்ளை தெரியும், வயிறு இறுகும். இது அப்படி இல்லை. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, கொட்டகையில் நிற்பது மாதிரி நின்றது. காலடியில் வெடிக் காகிதம் குவிந்து கிடந்தது. ஒரு காது மட்டும் மேலே, தண்டவாளத்துப் பக்கம் திரும்பியிருந்தது.

பயம் இல்லை என்றால் இது என்ன? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பழக்கம்போல முந்தானையைத் தடவினாள். பட்டுப்புடவை. வெல்லம் இல்லை. வெல்லம் எப்போது கொடுப்போம் என்று யோசித்தாள். ரயில் போன பிறகு.

"பாய்" என்றாள் மெதுவாக. "அது ரயிலுக்காக நிக்குது."

"இன்னாது?"

"ரயில் வந்து போனாத்தான் அதுக்கு சப்வே தொறக்கும். தினம் அப்டித்தானே கூட்டினு போனேன்."

பாஷா அவளையும் குதிரையையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரயில் இல்லாம ஒரு நாள் கூட கூட்டினு போகலியா?"

"அது ரயிலுக்குத்தானே பயந்துச்சு, நீதானே பாய் சொன்னே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மணி பார்த்தார்கள். ஒரு பெரியவர், "நம்ம கல்யாணத்துக்கு ரயில்வேக்காரன்கிட்டயா நேரம் கேக்கணும்?" என்று கோபித்துக்கொண்டார். பூச்சரத்துக்குள்ளிருந்து தௌசீப் குனிந்து கேட்டான். "அக்கா, நான் இறங்கி நடந்துடட்டுமா?"

அவன் இறங்கி நடந்தால் கல்யாணம் நடக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாதாமுக்கு மட்டும்தான் ஆகும். காசிநாதன் ஆட்டோவிலிருந்து எட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்காத தம்பி" என்றாள். "கொஞ்ச நேரம். உன்ன கையெடுத்து கும்புடறேன்."

அதற்குள் சோபனா போனை நீட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்திருந்தாள். "ஒரு வண்டி வருதும்மா. பச்சகுப்பம் ஸ்டேஷன் தாண்டிடுச்சு. பத்து நிமிஷம்."

பேண்டுக்காரர்கள் டிரம்மை இறக்கிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். யாரோ மண்டபத்துச் சமையல்காரருக்குப் போன் போட்டு, பிரியாணி தம் உடைக்க வேண்டாம், மாப்பிள்ளை ரயிலுக்குக் காத்திருக்கிறார் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "குதிரைலதான்யா வர்றாரு, ஆனா ரயிலுக்கு நிக்கறாரு" என்று கத்தினார். அமிர்தவள்ளி ஆரோக்கியசாமியிடமிருந்து கயிற்றை வாங்கி, தினமும் நிற்கிற இடத்தில் போய், சப்வேக்கு முதுகைக் காட்டி நின்றாள். பத்து நிமிஷம் என்பது இவ்வளவு நேரமா? ஒருவேளை தான் நினைத்தது தப்போ? ரயில் போன பிறகும் இது நின்றுவிட்டால்? இத்தனை பேர் முன்னால் தான் உளறியது மட்டும்தான் மிஞ்சுமோ?

பாதாமின் இன்னொரு காதும் மேலே திரும்பியது. அதற்கப்புறம்தான் மனுஷர்களுக்குச் சத்தம் கேட்டது.

ரயில் வந்தது. இரும்புப் பாலம் அதிர்ந்தது. புறாக்கள் சிதறின. துருவும் தூசியும் மாப்பிள்ளையின் தலைப்பாகை மேல் உதிர்ந்தன. பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். தௌசீப் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டான். பாதாம் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது.

கடைசிப் பெட்டி போனது. பாதாம் அவள் உள்ளங்கையை மோந்தது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத கம்பெனிப் பசையின் வாசனை மட்டும்தான் அங்கே இருந்தது. பாஷா சட்டென்று ஜிப்பா பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். பாதாம் அதைத் தின்று, கொட்டையை மாப்பிள்ளைத் தோழனின் வெள்ளைச் சட்டை மேல் துப்பியது. அவள் திரும்பி நடந்தாள். பின்னால் லாடச் சத்தம் வந்தது. அதன் பின்னால் பேண்டு வந்தது. அதன் பின்னால் ஊரே வந்தது.

*

பிரியாணி சாப்பிட்டுத் திரும்பும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அமிர்தவள்ளி பாதாமை நடத்திக்கொண்டு வந்தாள். பின்னால் காசிநாதனின் ஆட்டோ. மண்டபத்தில் அவன் பிரியாணியோடு வைத்த, தனக்குப் பிடித்த கத்திரிக்காயைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டிருந்தான். கத்திரிக்காயைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டிருந்தான். நடுவில் போன் அடித்தபோது எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். புரோக்கர்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கேட் ரோடு தோண்டிக் கிடந்ததால் சப்வே வழியேதான் திரும்ப வேண்டியிருந்தது; அதன் இந்தப் பக்க வாசல் வந்தது. பாதாம் நின்றது.

இந்தப் பக்கமிருந்து அது ஒரு நாளும் நுழைந்ததில்லை. ரயிலும் இல்லை. கூட்டமும் இல்லை. அவள் முன்னால் போய் நின்றாள். பேசிப் பார்த்தாள். கயிற்றைத் தளர்த்தி முதுகைக் காட்டி நாலு அடி நடந்து பார்த்தாள். பின்னால் லாடச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு காது மேலே இருந்தது.

ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. காசிநாதன் தலையை நீட்டினான்.

"இன்னாவாம்?"

"நிக்குது."

"அதான் தெரியுதே. பயம் போச்சா போவலியா?"

அமிர்தவள்ளி பாதாமின் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு நாளாகத் தினமும் பார்க்கிற முகம்தான்.

"தெரியலய்யா" என்றாள். "தாண்டுச்சு. அது மட்டும் தெரியும்."

ஆட்டோ டிரைவர் கைப்பிடியை முறுக்கினான். "நாம போலாமாண்ணே? அக்கா மெதுவா கூட்டினு வருவாங்க."

காசிநாதன் கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி சீட்டின் மேல் வசதியாக வைத்துக்கொண்டான். பையிலிருந்து போனை எடுத்து, வேனில் முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்த மகளிடம் பேசினான்.

"சோபனா, அடுத்த வண்டி எப்பன்னு பாரு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "சரி சரி, அம்மாவும் இங்கதான் இருக்கா. புரோக்கர் வூட்டுப் பக்கம் வந்தா, குதிர வெளியூர் போயிருக்குதுன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு டிரைவரின் முதுகைத் தட்டினான்.

"ஆஃப் பண்ணுப்பா வண்டிய. அரைமணி நேரம் ஆவுமாம்."